எடைக்கு எடை: இனோவேயா, உசிக்கா?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் குத்துச்சண்டை பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வெவ்வேறு எடைக்காரர்களில் யார் பெரிய ஆள் என்று எப்படிச் சொல்வது? சரி, இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கு விடுமுறை. புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கடிதங்களாகவே எடுத்துக்கொண்டேன், சண்டை அங்கேதான் சூடாக நடக்கிறது போல.

கேள்வி: எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு வாரமாக இதே பேச்சு. ஜப்பானின் நவோயா இனோவே பெரிய ஆளா, உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் பெரிய ஆளா? ஒருவர் 55 கிலோ, இன்னொருவர் 100 கிலோ. மோதவிட்டால் இனோவே நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போவார். அப்புறம் எதற்கு இரண்டு பேரையும் ஒரே பட்டியலில் போடுகிறார்கள்?
(கல்லூரி மாணவர், குருசுக்குப்பம், புதுச்சேரி)

பதில்: தம்பி, மோதினால் யார் ஜெயிப்பார் என்றால் பதில் ஒரே வார்த்தை, உசிக். அந்தக் கணக்கில் பார்த்தால் உலகத்தின் சிறந்த வீரர் என்றைக்குமே ஹெவிவெயிட் சாம்பியன்தான், டீக்கடையில் பேச ஒன்றும் மிஞ்சாது. "எடைக்கு எடை" (பவுண்ட் ஃபார் பவுண்ட்) பட்டியல் போடுகிறவர்கள் கேட்பது வேறு. உடம்பு கொடுத்த சலுகையைக் கழித்துவிட்டால் தொழிலில் யார் கெட்டிக்காரர் என்று கேட்கிறார்கள்.

இரண்டு பேரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து மனசுக்குள்ளேயே சண்டை விட்டுப் பார்ப்பது என்று ஒரு வழி இருக்கிறது, நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உடம்பு பெருக்கும்போது எல்லாம் ஒரே விகிதத்தில் பெருகுவதில்லை. நீளம், அகலம், கனம் மூன்றும் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகிவிடும், ஆனால் தசையின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால் அது நாலு மடங்குதான் ஏறும். சின்ன எடைக்காரர்கள் 12 ரவுண்டும் ஓயாமல் குத்துவதும், ஹெவிவெயிட்காரர்கள் நாலாவது ரவுண்டிலேயே வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் இதனால்தான், சோம்பேறித்தனத்தால் அல்ல. இனோவேயை 100 கிலோவுக்கு ஊதினால் இடது கையை வளைத்து விடும் அந்த ஹூக் குத்தின் வேகம் அவரிடம் இருக்காது. உசிக்கை 55 கிலோவுக்குச் சுருக்கினால், பெரிய உடம்புக்காரர்கள் நடுவே அவரைத் தனியாகக் காட்டும் அந்தக் கால்வேகம் அங்கே சாதாரண விஷயமாகிவிடும். பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் ஒரே தராசில் வைத்து எது ருசி என்று கேட்கிற கதைதான்.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. தன் எடையை விட்டு மேலே ஏறினாரா, ஏறிய இடத்தில் நல்ல ஆட்களோடு மோதினாரா, மோதியபோது என்ன ஆயிற்று? கையில் இருக்கிற சாட்சி அதுதான், மற்றதெல்லாம் கற்பனை.

இனோவே 2014 ஏப்ரலில் லைட் ஃபிளைவெயிட்டில், அதாவது 108 பவுண்டில் (49 கிலோ), உலகப் பட்டம் வாங்கினார். அதே வருஷக் கடைசியில் ஒரு எடையைத் தாண்டிக் குதித்து சூப்பர் ஃபிளைவெயிட்டில் இன்னொரு பட்டம். பிறகு 2022-ல் பேண்டம்வெயிட்டின் நாலு பெல்ட்டுகளையும் (நாலு அமைப்புகள் தனித்தனியாகக் கொடுக்கும் உலகப் பட்டங்கள்), 2023-ல் சூப்பர் பேண்டம்வெயிட்டின் நாலு பெல்ட்டுகளையும் ஒன்றுசேர்த்தார். மேலே போகப் போக எதிரிகள் பெரிதானார்கள், ஆனால் அவர் குத்தின் கனம் குறையவில்லை, அதுதான் அபூர்வம். உசிக் 2018-ல் 200 பவுண்டு க்ரூசர்வெயிட்டில் நாலு பெல்ட்டையும் வாரிக்கொண்டு மேலே வந்தவர். 2021-ல் லண்டனில் ஆண்டனி ஜோஷுவாவைப் புள்ளிகளில் வென்றார். 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரி. ஃபியூரியின் உயரம் 6 அடி 9 அங்குலம், எடை 262 பவுண்டு, உசிக்கைவிடக் கிட்டத்தட்ட 40 பவுண்டு கூடுதல். அந்தச் சண்டையின் ஒன்பதாவது ரவுண்டைத் தேடிப் பாருங்கள். உசிக்கின் இடது கை இறங்கியதும் அந்த மலை மனிதர் கால் பின்ன, கயிற்றுக்குக் கயிறு தள்ளாடிக்கொண்டே போகிறார், ரெஃப்ரி நடுவில் புகுந்து எண்ண ஆரம்பிக்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "அவர் நாலு எடை ஏறினார், இவர் ரெண்டே எடைதான்" என்று எண்ணிக்கை சொல்லி மடக்குவார்கள், ஏமாந்துவிடாதீர்கள். கீழே படிகள் சின்னச் சின்னது: பேண்டம் 118 பவுண்டு, சூப்பர் பேண்டம் 122, வித்தியாசம் நாலே பவுண்டு, மூணு சதவீதம் சொச்சம். மேலே லைட் ஹெவி 175 என்றால் அடுத்த க்ரூசர் 200, ஒரே படி 14 சதவீதம். க்ரூசரைத் தாண்டினால் எல்லையே கிடையாது. இனோவே 108-லிருந்து 122 வரை ஏறியதை மொத்தமாகச் சேர்த்தாலே 13 சதவீதம்தான் வருகிறது. உசிக் ஒரே ராத்திரியில் ஃபியூரிக்கு விட்டுக்கொடுத்தது 17 சதவீதம். என் ஓட்டு உசிக்குக்கு. டீக்கடையில் இனோவே கட்சிக்காரர்கள் யாராவது இருந்தால், பெரிய ஆட்கள் மெதுவானவர்கள் என்பதால் உசிக்குக்குக் கொஞ்சம் வசதி என்று வாதாடலாம், அது நியாயமான வாதம்தான்.

கேள்வி: எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. கடைசி வரைக்கும் "கார்பாந்தியே மாதிரி ஒருத்தன் பிறக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். யார் அந்தக் கார்பாந்தியே? இப்போது இருப்பவர்களோடு ஒப்பிட முடியுமா?
(இல்லத்தரசி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: தாத்தா சும்மா சொல்லவில்லை, அம்மா. ழார்ழ் கார்பாந்தியே பிரான்சின் வடக்கே சுரங்கப் பகுதியில் பிறந்து, 14 வயதிலேயே காசுக்குச் சண்டை போட ஆரம்பித்தவர். வளர வளர ஒவ்வொரு எடையாக ஏறினார். 1911-ல் ஐரோப்பிய வெல்டர்வெயிட் பட்டம், 1912-ல் மிடில்வெயிட், 1913-ல் லைட் ஹெவிவெயிட், அதே வருஷம் ஹெவிவெயிட்டும். அப்புறம் முதல் உலகப் போர், அதில் விமானப்படையில் இருந்து பதக்கங்கள் வாங்கித் திரும்பினார். 1920-ல் உலக லைட் ஹெவிவெயிட் சாம்பியன்.

1921 ஜூலை 2-ம் தேதி அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியோடு மோதினார். டிக்கெட் வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் குத்துச்சண்டை அதுதான். டெம்ப்ஸி 188 பவுண்டு, இவர் 172. இரண்டாவது ரவுண்டில் கார்பாந்தியேவின் வலது கை டெம்ப்ஸி மேல் சரியாக விழுந்தது, விழுந்ததில் உடைந்தது இவர் கட்டைவிரல். நாலாவது ரவுண்டில் ஆட்டம் முடிந்தது.

தாத்தா சொல்லியிருக்கிறாரோ இல்லையோ, அடுத்த வருஷக் கதைதான் எனக்குப் பிடித்தது. 1922-ல் பாரிஸில் கார்பாந்தியேவை ஆறாவது ரவுண்டில் விழவைத்துப் பட்டத்தைப் பறித்தவர் பாட்லிங் சிக்கி. பிரெஞ்சுக் காலனியான செனகலில் பிறந்தவர், அதே பிரெஞ்சு ராணுவத்தில் போரிட்டுப் பதக்கம் வாங்கியவர், ஆப்பிரிக்காவில் பிறந்து உலகப் பட்டம் வென்ற முதல் ஆள். காலனிகளிலிருந்து போன சொல்தாக்களுக்கு அந்தச் செய்தி எப்படி இனித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தாத்தா காலத்துக்கு இன்னும் பக்கத்தில் இருப்பவர் மர்செல் செர்தான். அல்ஜீரியாவில் பிறந்தவர், வெல்டர்வெயிட்டில் தொடங்கி மிடில்வெயிட்டுக்கு ஏறி, 1948-ல் டோனி ஸேலை வென்று உலகச் சாம்பியன் ஆனார். நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைகளில் தோல்வி நான்குதான். நான்காவது, 1949-ல் ஜேக் லமோட்டாவிடம், தோள்பட்டை பிசகிய நிலையில் வந்தது. அதற்குப் பதில் சண்டை போட நியூயார்க்குக்குக் கிளம்பியபோது விமானம் அஸோரஸ் தீவில் மோதி இறந்துபோனார். இன்றைக்கு இருப்பவர்களோடு ஒப்பிடச் சொன்னால், ஏறிய உயரத்துக்காகக் கார்பாந்தியே, சண்டைத் திறமைக்காகச் செர்தான் என்பேன். கார்பாந்தியே ஹெவிவெயிட்டில் ஐரோப்பாவில் வென்றார், அந்த எடையின் உலக முதல்வனிடம் போனதும் நாலு ரவுண்டுதான் தாங்கினார்.

கேள்வி: நான் ஜிம்மில் பளு தூக்குகிறவன். எங்கள் விளையாட்டில் எடையைப் போட்டால் புள்ளி வருகிற மாதிரி ஃபார்முலா இருக்கிறது. பாக்ஸிங்குக்கும் ஒன்று கண்டுபிடித்துவிட்டால் சண்டையே வேண்டாமே?
(நெய்வேலி வாசகர்)

பதில்: உங்கள் விளையாட்டில் சின்க்ளேர் கணக்கு என்கிற அந்த ஃபார்முலா சரியாக வேலை செய்கிறது, ஏனென்றால் இரும்பு திருப்பி அடிக்காது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் நயிம் சுலைமனோக்லு 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார், தன் எடையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். 60 கிலோவாக இருந்தாலும் 110 கிலோவாக இருந்தாலும் எல்லோரும் தூக்குவது ஒரே இரும்பு, அளவுகோல் பொது. குத்துச்சண்டையில் எதிரே இருப்பவன் ஒவ்வொரு முறையும் வேறு. மட்டமான ஆட்களாகப் பார்த்து 30 பேரை அடித்தவனுக்கும் சாம்பியன்களாகப் பார்த்து மோதி ஐந்து முறை தோற்றவனுக்கும் எந்த ஃபார்முலா நியாயம் சொல்லும்? கம்ப்யூட்டர் தரவரிசைகள் இருக்கின்றன, யார் யாரை ஜெயித்தார்கள் என்று சங்கிலி போட்டுக் கணக்கிடுகின்றன. ஆனால் ஃபிளைவெயிட் சங்கிலியும் ஹெவிவெயிட் சங்கிலியும் எங்கேயும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடுகிற இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் எடை ஏறியிருப்பார், அதைத்தான் முதல் பதிலில் சொன்னேன்.

கேள்வி: மேவெதர் 50 சண்டை, 50 வெற்றி. அவர்தான் நம்பர் ஒன். இதில் என்ன விவாதம்?
(கடலூர் முதுநகர்)

பதில்: ஐம்பதாவது ஆள் கானர் மெக்ரிகர். எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டையில் பெரிய பெயர், ஆனால் புரொஃபஷனல் குத்துச்சண்டையில் அதுதான் அவருக்கு முதல் சண்டை. அதைக் கழித்துவிட்டே பேசுவோம். தற்காப்பில் மேவெதரை மிஞ்சியவர் என் கண்ணுக்கு யாரும் இல்லை, ஐந்து எடைகளில் பட்டம் வாங்கியதும் நிஜம். ஆனால் எப்போது, எந்த எடையில், யாரோடு என்பதைத் தானே முடிவு செய்யும் வசதி அவருக்கு இருந்தது. 2013-ல் மெக்ஸிகோவின் 23 வயது கனேலோவை 152 பவுண்டுக்கு இறக்கி வைத்து மோதினார், கனேலோ அப்போது 154-ல் சாம்பியன். இரண்டு பவுண்டுதானே என்று தோன்றும், ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து அந்தக் கடைசி இரண்டு பவுண்டை எடுப்பதுதான் உயிர்போகிற வேலை. பூஜ்யம் தோல்வி என்பது அழகான எண். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாலே சில கதவுகளைத் தட்டாமல் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஒரு வருஷமாகக் குத்துச்சண்டை பழகுகிறான், எடை 49 கிலோ. மாவட்டப் போட்டிக்கு 46 கிலோ பிரிவில் இறங்கினால் "மெடல் நிச்சயம்" என்கிறார் பயிற்சி கொடுப்பவர். பையன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ராத்திரி ரெயின்கோட் மாட்டிக்கொண்டு மாடியில் குதிக்கிறான். பெரிய வீரர்கள் எல்லாம் இப்படித்தானே எடை குறைக்கிறார்கள், பயப்படாதே என்கிறான். பயப்பட வேண்டுமா?
(தாயார், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: பயப்பட வேண்டும், அம்மா. இன்று ராத்திரியே ரெயின்கோட்டை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.

பெரிய வீரர்கள் செய்வதும் இவன் செய்வதும் வேறு வேறு. புரொஃபஷனல் குத்துச்சண்டையில் எடை பார்ப்பது சண்டைக்கு முதல் நாள். தராசில் ஏறி இறங்கியதும் குடிக்க, சாப்பிட ஒரு நாளுக்கு மேல் நேரம் இருக்கிறது, பக்கத்தில் டாக்டர் இருக்கிறார். பள்ளி, மாவட்டப் போட்டிகளில் காலையில் எடை பார்த்து அன்றைக்கே ரிங்கில் ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வற்றிய உடம்போடுதான் உங்கள் பையன் குத்து வாங்குவான். மூளையைச் சுற்றி இருக்கிற நீர்தான் அதற்கு மெத்தை, உடம்பு காய்ந்திருக்கும்போது தலையில் விழும் அடியின் ஆபத்து கூடும்.

இங்கே கபடிக்கும் "55 கிலோ எடைப்பிரிவு" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள், விடிகாலையில் மைதானத்தில் பையன்கள் ரெண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பபிள்கம் மென்று எச்சில் துப்பிக்கொண்டே ஓடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழகிப்போன காட்சி என்பதால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1997 கடைசியில் இதே மாதிரி ரப்பர் சூட் மாட்டி எடை குறைக்கப் போய், சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே விதிகளை மாற்றினார்கள்.

புரொஃபஷனல்களிடமும் இது ஒழுங்காக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2000-ம் வருஷம் ஆர்ட்டுரோ காட்டி – ஜோயி கமாச் சண்டை. ஒப்பந்த எடை 141 பவுண்டு. மறுநாள் ரிங்குக்குள் வரும்போது காட்டியின் எடை 160 பவுண்டு. ஒரே நாளில் மிடில்வெயிட்காரர் ஆகிவிட்டார். கமாச் இரண்டாவது ரவுண்டில் நினைவில்லாமல் விழுந்தார், அதோடு அவர் குத்துச்சண்டை வாழ்க்கை முடிந்தது. இப்போது ஐ.பி.எஃப். என்ற அமைப்பு மட்டும் பட்டச் சண்டை நடக்கும் நாள் காலையிலும் ஒருமுறை எடை பார்க்கிறது, 10 பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. எடைப்பிரிவு என்று எழுதியிருப்பதை நம்பி இரண்டு வீரர்களை ஒப்பிடுகிறோமே, அந்த எண்ணே பாதிப் பொய் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 100 கிராமில் இறுதிப் போட்டியை இழந்தது உங்கள் பையனுக்கும் தெரிந்திருக்கும். வழக்கமாக 53 கிலோவில் ஆடியவர் 50-க்கு இறங்கியதால் வந்த வினை அது. உலகத்தரமான குழு கூடவே இருந்தும் முடியவில்லை. பயிற்சியாளரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள்: "சார், இவன் 50-ல் ஆடட்டும், தோற்றால் தோற்கட்டும்." 15 வயதில் உடம்பு வளர வேண்டும், அடுத்த வருஷம் எப்படியும் அவன் 54-ல் நிற்பான். அதற்கு அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது நான் கேலரியில் இருந்தவன். "எடைக்கு எடை" பட்டியல்களில் அலியை முதல் இடத்தில் வைக்காமல் சுகர் ரே ராபின்சனைத் தூக்கி வைக்கிறார்களே, இது அநியாயம் இல்லையா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், வில்லியனூர்)

பதில்: சார், கொடுத்து வைத்தவர் நீங்கள். பட்டியல்காரர்கள் ஹெவிவெயிட்காரர்களுக்கு அநியாயம் செய்கிறார்கள் என்பது ஓரளவு உண்மைதான். மேலே ஏற இடமே இல்லாதவனைப் பார்த்து "நீ ஏன் ஏறவில்லை" என்று கேட்பது சரியில்லை. 1974-ல் கின்ஷாசாவில் அலியோடு மோதிய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மன் அலியைவிட நாலு பவுண்டுகூட அதிகமில்லை, ஆனால் உலகத்திலேயே கனமான குத்து ஃபோர்மனிடம்தான் இருக்கிறது என்று அந்த ராத்திரி எல்லோரும் நம்பினார்கள். தராசில் தெரியாத எடை என்று ஒன்று உண்டு. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ராபின்சன் விஷயத்தில் அலியே உங்கள் பக்கம் நிற்கமாட்டார். ராபின்சனைப் பார்த்து வளர்ந்து, அவர் மாதிரி ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். ராபின்சனின் முதல் தோல்வி எப்படி வந்தது பாருங்கள்: 40 சண்டை தோற்காமல் இருந்துவிட்டு, 1943 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் தன்னைவிட 16 பவுண்டு கூடுதலாக இருந்த லமோட்டாவிடம். மூன்று வாரம் கழித்து அதே ஊரில், அதே லமோட்டாவை வென்றார். மொத்தம் ஆறு முறை மோதி ஐந்தில் வெற்றி. தோற்ற ஆளிடமே மூன்று வாரத்தில் திரும்பிப் போவது இந்தக் காலத்தில் நடக்கிற காரியமா? நடுவில் மூன்று ஒப்பந்தம், நாலு வக்கீல், ஒரு வருஷ விளம்பரம் வேண்டியிருக்கும்.

இன்னொரு சண்டை, 1952 ஜூன் 25, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். மிடில்வெயிட் சாம்பியனான ராபின்சன், லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மேக்ஸிமோடு மோதினார். இங்கேயும் 15 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். விளக்குகளின் கீழே சூடு 40 டிகிரி செல்சியஸ், நம் ஊர் அக்னி நட்சத்திரம்தான், ஆனால் அங்கே அந்தச் சூட்டில் 15 ரவுண்டு சண்டை. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் ரெஃப்ரி ரூபி கோல்ட்ஸ்டைன் சூடு தாங்காமல் விலகிவிட்டார், இன்னொரு ரெஃப்ரியை ஏற்றினார்கள். மூன்று நடுவர்களின் அட்டைகளிலும் ராபின்சன்தான் முன்னால். பதிமூன்றாவது ரவுண்டில் ஒரு குத்து விட்டார், அது காற்றில் போயிற்று, அதன் வேகத்தில் தானே கீழே விழுந்தார். மணி அடித்ததும் கைத்தாங்கலாக மூலைக்கு இழுத்துப் போனார்கள், பதினாலாவது ரவுண்டுக்கு எழுந்திருக்க முடியவில்லை. பதிவேட்டில் அது தோல்வி. என் கணக்கில் ராபின்சனை முதல் இடத்தில் வைக்கிற காரணங்களில் அதுவும் ஒன்று.

கேள்வி: மேரி கோமா, நிகத் ஸரீனா?
(பிளஸ் டூ மாணவி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: நேருக்கு நேர் நடந்ததைக் கேட்டால் 2019 டிசம்பர் தகுதிச் சண்டையில் 51 கிலோவில் மேரி 9–1 என்று ஜெயித்தார். நிகத் 2022-ல் 52 கிலோவிலும் 2023-ல் 50 கிலோவிலும் உலகச் சாம்பியன் ஆனது அதற்குப் பிறகு. இருந்தாலும் நான் மேரி கட்சிதான், ஆறு உலகப் பட்டங்களுக்காக மட்டும் அல்ல. 2012 லண்டனில் பெண்கள் குத்துச்சண்டையை முதல்முறையாக ஒலிம்பிக்கில் சேர்த்தபோது மொத்தம் மூன்றே எடைதான் வைத்தார்கள், 51, 60, 75. 46, 48 கிலோவில் உலகப் பட்டங்கள் வாங்கிய மேரி, சாப்பிட்டு எடை ஏற்றிக்கொண்டு தன்னைவிட உயரமான பெண்களோடு மோத வேண்டியதாயிற்று. அரையிறுதியில் அவரை வென்ற நிக்கோலா ஆடம்ஸ்தான் தங்கமும் வாங்கினார். அந்த வெண்கலத்தை எடைக்கு எடை நிறுத்துப் பாருங்கள் பெண்ணே, பல தங்கங்களைவிடக் கனம்.

கேள்வி: கிராஃபோர்ட் இரண்டு எடை தாண்டிப் போய்க் கனேலோவை ஜெயித்ததைப் பற்றி ஒரு வார்த்தை?
(அரியாங்குப்பம்)

பதில்: 2025 செப்டம்பர் 13, லாஸ் வேகாஸ். 154-லிருந்து ஒரேயடியாக 168-க்கு, நடுவில் ஒத்திகைச் சண்டைகூட இல்லாமல், 38-ஐத் தொடப்போகிற வயதில். மூன்று நடுவர்களும் அவருக்கே கொடுத்தார்கள். மூன்று எடைகளில் எல்லா பெல்ட்டையும் வைத்திருந்தவர் என்ற பெயரோடு அந்த டிசம்பரிலேயே ஓய்வு அறிவித்தார். கனேலோ தன் உச்சத்தைத் தாண்டிவிட்டார் என்பவர்கள் உண்டு. 2022-ல் லைட் ஹெவிவெயிட்டுக்கு ஏறி பிவோலிடம் தோற்றதிலிருந்தே அவரிடம் ஒரு தளர்ச்சி தெரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஏறிப் போனவன் பழைய எடைக்குத் திரும்புவது இன்னும் கொடுமை. 2003-ல் ராய் ஜோன்ஸ் 193 பவுண்டாக உடம்பை ஏற்றி 226 பவுண்டு ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். அந்தத் தசையை எல்லாம் கரைத்து 175-க்கு இறங்கியவர் பழைய ஜோன்ஸாக இல்லை, அடுத்த வருஷமே டார்வர் இரண்டாவது ரவுண்டில் படுக்க வைத்துவிட்டார். கிராஃபோர்ட் திரும்பி இறங்காமல் அப்படியே கிளம்பிப் போனது புத்திசாலித்தனம்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் உங்கள் முதல் ஐந்து பேரைச் சொல்லுங்கள்.
(டீக்கடைக்காரர், நெல்லித்தோப்பு)

பதில்: ராபின்சனைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது ஹென்றி ஆம்ஸ்ட்ராங், 1938-ல் ஒரே சமயத்தில் ஃபெதர், லைட், வெல்டர் என்று மூன்று எடைக்கும் சாம்பியனாக இருந்தவர். அப்போது எடைப்பிரிவே எட்டுதான், எடைக்கு ஒரு சாம்பியன். இன்றைக்கு 17 எடை, ஒவ்வொன்றுக்கும் நாலு அமைப்பு. அன்றைய மூன்று இன்றைக்கு எத்தனைக்குச் சமம் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது ஹாரி கிரெப், ஒரு கண்ணில் பார்வை போன நிலையிலும் மிடில்வெயிட் சாம்பியனாக ஆடியவர். பின்னாளில் டெம்ப்ஸியையே வென்ற ஜீன் டன்னியை மொத்த வாழ்க்கையிலும் தோற்கடித்த ஒரே ஆள் அவர், 1922-ல். நாலாவது சாம் லாங்ஃபோர்ட், ஐந்தடி ஏழு அங்குலம்தான், லைட்வெயிட் சாம்பியன் ஜோ கான்ஸை வென்றதிலிருந்து ஹெவிவெயிட்காரர்கள் வரை எல்லோரோடும் மோதினார். கறுப்பர் என்பதால் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு அவரைக் கிட்டேயே சேர்க்கவில்லை, பெல்ட்டை வைத்து மட்டும் பட்டியல் போடுகிறவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாவது இடத்துக்கு ரொபெர்ட்டோ டுரானா, மேனி பாக்கியாவோவா என்று எனக்குள்ளேயே தகராறு உண்டு. பாக்கியாவோ 1998-ல் 112 பவுண்டு ஃபிளைவெயிட்டில் ஆரம்பித்து எட்டு எடைகளில் பட்டம் வாங்கியவர். 2010-ல் மர்கரிட்டோவோடு மோதிய ராத்திரி இவர் 148, எதிராளி 165, அவர் முகத்தை உருத்தெரியாமல் ஆக்கிவிட்டார். ஆனால் 154 பவுண்டுப் பட்டத்துக்கான அந்தச் சண்டையை 150-க்கு இறக்கி ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். டுரான் 1972-ல் லைட்வெயிட் சாம்பியன், 1980-ல் மான்ட்ரியலில் சுகர் ரே லெனார்டை லெனார்டின் எடையிலேயே வென்றார், 1989-ல் 37 வயதில் மிடில்வெயிட் பட்டத்தை ஐரன் பார்க்லியிடமிருந்து பறித்தார், யாரும் அவருக்காக எடையை இறக்கி வைக்கவில்லை. டுரானைப் போடுங்கள். பாக்கியாவோ ஆறு.